அக்காவுக்கு வராத மஞ்சள் காமாலை

என் அக்காவுக்கு மஞ்சள் காமாலை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிடலாம் என முடிவான மாலையில், அவள் வாசலில் நீல ட்ரம்முக்குள் பாதி உடம்பை நுழைத்து, அடியில் படிந்திருந்த சேற்றைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். வியாதியைத் தேர்ந்தெடுத்தவர் மாமா. அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. கப்பல் டிக்கெட் கிடைக்காமல் அலைகிறவர்களுக்கு எப்படியாவது டிக்கெட் எடுத்துக் கொடுப்பது அவருடைய பிழைப்பு. போர்ட் பிளேரில் எந்த ஆபீசில் எந்த ஜன்னலில் எந்தப் பொழுதில் போய் நின்றால் காரியம் நடக்கும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் எங்கள் வீட்டில் எந்தச் சிக்கல் வந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

மாமா நிதானமாக யோசித்தார். டைபாய்டு என்றால் ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கேட்பார்கள். அம்மை என்றால் தழும்பைத் தேடுவார்கள். கை உடைந்துவிட்டது என்றால் கட்டுப் போட வேண்டும். கட்டுப் போட்ட கையோடு எப்படித் தண்ணீர் தூக்குவாள்? ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுக் கடைசியில் காமாலைக்கு வந்து சேர்ந்தார்.

“காமாலைன்னா ஒட்டிக்கும்னு ஒருத்தனும் கிட்ட வரமாட்டான். கண்ணு மஞ்சளா இருக்கான்னு பாக்கக்கூட பயப்படுவான்,” என்றார்.

ட்ரம்முக்குள்ளிருந்து அக்கா சிரித்தாள். ட்ரம் அந்தச் சிரிப்பைப் பெரிதாக்கி வெளியே அனுப்பியது. அம்மாவும் சிரித்தாள், நானும் சிரித்தேன். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. நல்லாயிருக்கிற பிள்ளைக்கு இல்லாத வியாதியைச் சொல்லலாமா என்று கேட்டார். இருக்கிற காரணத்தைச் சொன்னால் எடுபடாது, இல்லாத காரணம்தான் எடுபடும் என்று மாமா அவருக்கு விளக்கினார். மாமா தன் தொழிலில் கற்றுக்கொண்டது அது. அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. அக்கா பத்தாம் வகுப்பு. இரண்டு பேரும் ஒரே அரசுப் பள்ளியில் படித்தோம். ஹேடோவில் துறைமுகத்துக்கு மேலே இருக்கிற மேட்டில், தகரக் கூரை போட்ட வீடுகளில் ஒன்று எங்களுடையது. வாசலில் நின்றால் கப்பல் அணையும் ஜெட்டியும் கிரேன்களும், நாங்கள் மெயின்லேண்ட் என்று சொல்லும் அக்கரையிலிருந்து வந்து நிற்கும் கப்பலும் தெரியும். எங்கே திரும்பினாலும் கடல். ஆனால் மேட்டு வீடுகளுக்கெல்லாம் சேர்த்து அடிவாரத்தில் ஒரே ஒரு பொதுக் குழாய்தான். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும். வெயில் ஏறிவிட்டால் அதுவும் தள்ளிப் போகும். வரும் நாள் ஓரளவு தெரியும். வரும் நேரம் வால்வு திறக்கிற ஆளுக்குக்கூடத் தெரியாது என்று சொல்வார்கள். திடீரென்று குழாயடியிலிருந்து யாராவது “பானி ஆகயா”, தண்ணீர் வந்துவிட்டது, என்று கத்துவார்கள். வங்காளி, தெலுங்கு, மலையாளி, நாங்கள் என்று எல்லாரும் கலந்திருந்த மேடு அது. வீட்டுக்குள் அவரவர் மொழி. தண்ணீர் வந்தால் மட்டும் எல்லாருக்கும் இந்திதான்.

அந்தச் சத்தம் கேட்கும்போது வீட்டில் ஓர் ஆள் இருக்க வேண்டும். இல்லையென்றால் முறை போய்விடும். முறை போனால் அடுத்த தடவை தண்ணீர் வரும்வரை பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டவேண்டியதுதான். தட்டலாம், ஒரு தடவை கொடுப்பார்கள். இரண்டாவது தடவை கதவைத் திறப்பவர்களின் முகத்தைப் பார்க்க அம்மாவுக்குக் கூச்சம்.

அந்த ஓர் ஆள் யார் என்பதில் எங்கள் வீட்டில் விவாதமே நடந்ததில்லை. அப்பா ஜெட்டியில் கான்ட்ராக்டரிடம் சுமை இறக்கும் வேலையில் இருந்தார். கப்பல் வந்த நாளில் போகவில்லையென்றால் அடுத்த கப்பலுக்குக் கூப்பிடமாட்டார்கள். அம்மா ஒரு கெஸ்ட் ஹவுசில் படுக்கை விரிப்புகள் துவைத்தாள். மழை நின்று வெயில் வருவதும் டூரிஸ்ட்டுகள் வருவதும் ஒரே மாதங்களில்தான். குழாய் வறண்டு போகிற அதே நாட்களில் கெஸ்ட் ஹவுசில் சீசன். அங்கே லாரியில் தண்ணீர் வந்து இறங்கும். அம்மா அங்கே நாள் முழுக்கத் தண்ணீரில் நின்றுவிட்டு, விரல் வெளுத்து, வீட்டுக்கு வந்து ட்ரம்மில் எவ்வளவு இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பாள். சீசனில் லீவு கேட்டால் வேலைக்கு வேறு ஆள் தயாராக இருந்தது.

மிச்சம் இருந்தவர்கள் அக்காவும் நானும். நான் சின்னப் பையன், மேடு ஏறி வாளி தூக்க முடியாது என்றார்கள். அக்கா என் வயதில் இருந்தபோது அவளைச் சின்னப் பெண் என்று யாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

ஆக, தண்ணீர் வருகிற நாளில் அக்கா பள்ளிக்கூடம் போகமாட்டாள். சில நாள் காலையிலேயே வந்துவிடும். எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு ஈரப் பின்னலோடு ஓடுவாள். போய்ச் சேர்வதற்குள் கேட்டைச் சாத்தியிருப்பார்கள். சாத்திய கேட்டுக்கு வெளியே நின்று திரும்பி வருவதும் கணக்கில் லீவுதான். அதனால் பிறகு ஓடுவதை நிறுத்திவிட்டாள்.

மழைக்காலம் அவளுக்கு நல்ல காலம். கூரைத் தகரத்திலிருந்து விழும் தண்ணீரே ட்ரம்மை நிரப்பிவிடும். அந்த மாதங்களில் தினமும் போவாள். வகுப்பில் கணக்கில் அவள்தான் முதல். தலைக்குப் பழைய மழைக்கோட், கையில் பிளாஸ்டிக் பைக்குள் புத்தகம் என்று வழுக்கும் படிகளில் என்னையும் இழுத்துக்கொண்டு இறங்குவாள். அந்த வருஷம் அந்தக் காலத்திலும் ஒரு விபத்து நடந்தது. ஜெட்டியில் அப்பாவின் காலில் ஒரு மூட்டை சரிந்து விழுந்து பாதம் வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கட்டு மாற்ற அழைத்துப் போவதற்கு அவளை விட்டால் ஆள் இல்லை. வரிசையில் நிற்கவும் இந்தியில் பேசவும் அவள் பழகியிருந்தாள். மழைக்காலமும் அப்படிக் கரைந்தது. அப்பாவின் பாதம் சரியாகி அவர் ஜெட்டிக்குத் திரும்பியபோது மழையும் நின்றிருந்தது. குழாயடி வரிசை மறுபடியும் தொடங்கியிருந்தது.

வரிசையில் நிற்கும்போதும் அவள் சும்மா இருக்கமாட்டாள். குழாயடியில் சிமெண்டு மேடை ஒன்று இருந்தது. விரலைத் தண்ணீரில் தொட்டு அதில் கணக்குப் போடுவாள். வெயிலில் மேல்வரி காய்ந்து மறைவதற்குள் கீழ்வரி முடிய வேண்டும் என்று அவளுக்கு அவளே ஒரு பந்தயம் வைத்திருந்தாள். நான் பக்கத்தில் குந்தி, எந்த எழுத்து முதலில் மறைகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு அது விளையாட்டாகத்தான் தெரிந்தது. அவளுக்கு என்னவாக இருந்தது என்று நான் கேட்டதில்லை.

பொங்கல் முடிந்த சமயத்தில் அக்காவின் வகுப்பு டீச்சர் அவளைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். மெயின்லேண்டிலிருந்து மாற்றலாகி வந்திருந்த தமிழ் டீச்சர் அவர். கண்டிப்பானவர், ஆனால் அக்காவின் மேல் பிரியம். வருகை போதாது, இப்படியே போனால் போர்டு பரீட்சைக்கு ஹால் டிக்கெட் வராது என்றார். உடம்புக்கு முடியாமல் லீவு எடுத்திருந்தால் பிரின்சிபால் மூலம் மேலிடத்துக்கு எழுதிக் கேட்கலாம், அதற்கு வகுப்பு டீச்சர் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் சொன்னார். அக்கா வந்து அதை அப்படியே வீட்டில் சொன்னாள். அதனால்தான் மாமாவை வரவழைத்ததும், அவர் வாசலில் உட்கார்ந்து வியாதி தேர்ந்தெடுத்ததும்.

மறுநாள் மாமா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனார். டீச்சரின் எதிரில் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே பேசியதாகவும், அந்த ஒரு காரியத்திலேயே காமாலை உண்மையாகிவிட்டதாகவும் வந்து சொன்னார். அக்கா சில நாள் வீட்டிலேயே இருக்க வேண்டும், உடனே எழுந்து நடமாடினால் சந்தேகம் வரும் என்றார். அக்காவுக்கு அதில் கஷ்டமே இல்லை. மற்றப் பிள்ளைகள் பரீட்சைக்கு லீவு போட்டுப் படிப்பதுபோல் அவளும் படித்தாள். தண்ணீர் வந்தால் இறங்கினாள். பள்ளிக்கூடத்தில் என்னைப் பார்க்கிற டீச்சர்கள், அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டார்கள். சாப்பாட்டில் எண்ணெய் சேர்ப்பதில்லை என்று மாமா சொல்லிக் கொடுத்ததைச் சொன்னேன். அதற்கு ஒரு டீச்சர் என் கன்னத்தைத் தட்டினார்.

அந்தப் பொய்யில் ஒரு பிசகு இருந்தது. மாமா பழகிய ஜன்னல்களுக்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவர்கூட யாருக்கும் கவலைப்பட்டு வீடு தேடி வந்தவர் அல்ல. டீச்சர் அந்த ரகம் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

அன்றைக்குத் தண்ணீர் மதியத்துக்கு மேல்தான் வந்தது. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல், குழாயடியில் எங்கள் பாத்திரங்களுக்குக் காவல் நின்றேன். அதுதான் என் வேலை. நூல்போலத் தண்ணீர். அக்கா முதல் வாளிகளை மேலே கொண்டுபோயிருந்தாள். எங்களுக்குப் பின்னால் பக்கத்து வீட்டு பெங்காலி ஆன்ட்டி நின்றிருந்தார். அவர் மகளும் அக்காவின் வகுப்புதான். ஆன்ட்டி வேலைக்குப் போகாதவர் என்பதால் அவர் மகள் ஒருநாளும் லீவு போட்டதில்லை.

குடை பிடித்துக்கொண்டு டீச்சர் வருவதை நான்தான் முதலில் பார்த்தேன். வெயிலில் நடந்து வந்ததில் முகம் சிவந்திருந்தது. கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். மேலே பச்சையாக இலை துருத்திக்கொண்டிருந்தது. அது கீழாநெல்லி. தன் குவார்ட்டர்ஸ் பின்கட்டில் முளைத்திருந்ததை வேரோடு பறித்துக் கழுவி, மண் போக உதறி, எடுத்து வந்திருந்தார். டீச்சர் என்னைக் கவனிக்கவில்லை. ஆன்ட்டியிடம் இந்தியில், அக்காவின் பெயரைச் சொல்லி, வீடு எங்கே என்று கேட்டார். ஆன்ட்டிக்கு எங்கள் வீட்டுக் காமாலை தெரியாது; மகளும் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. சந்தோஷமாகக் கையை நீட்டி, அதோ அவளே வருகிறாள் என்று காட்டினார்.

அக்கா இரண்டு காலி வாளிகளோடு படிகளில் குதித்து இறங்கி வந்துகொண்டிருந்தாள். பாவாடையைத் தூக்கிச் செருகியிருந்தாள். முழங்கால்வரை ஈரம். நோயாளி என்று யாரும் சொல்ல முடியாத ஓட்டம் அது. கடைசிப் படியில் டீச்சரைப் பார்த்துவிட்டு நின்றாள். வாளிகளைக் கீழே வைத்தாள். செருகியிருந்த பாவாடையை எடுத்துவிட்டாள்.

“உனக்கா காமாலை?” என்றார் டீச்சர். அவர் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல் இருந்தது.

அக்கா ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தாள்.

“இல்ல மிஸ். தண்ணி,” என்றாள்.

டீச்சர் வரிசையைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். மேட்டின் உச்சியில் இருந்த தகரக் கூரைகளை அண்ணாந்து பார்த்தார். பொட்டலத்தை என்ன செய்வதென்று தெரியாமல் சிமெண்டு மேடையில் வைத்தார். பிறகு குடையோடு வந்த வழியே திரும்பினார். அக்கா அவர் பின்னால் இரண்டடி எடுத்து வைத்தாள். அதற்குள் எங்கள் முறை வந்துவிட்டது. பின்னாலிருந்தவர்கள் வாளியை வை, வாளியை வை என்றார்கள். அக்கா திரும்பி வந்து வாளியை வைத்தாள். அது நிரம்புகிறவரை, டீச்சர் போன பாதையைப் பார்த்தபடி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பொட்டலம் நனைந்து காகிதம் பிரிந்து கீழாநெல்லி மேடையெல்லாம் ஒட்டிக்கொண்டது. சாயங்காலம் யாருடைய ஆடோ வந்து தின்றுவிட்டுப் போனது.

மாமாவுக்கு அக்காவின் மேல்தான் வருத்தம். சட்டென்று தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம், ஒரு மயக்கம் போட்டிருக்கலாம், படிச்ச பிள்ளைக்கு அந்தச் சமயோசிதம் இல்லையே என்றார். அவ்வளவு பாடுபட்டுத் தேர்ந்தெடுத்த வியாதியை ஒரே வார்த்தையில் வீணாக்கிவிட்டாள் என்பது அவருடைய குறை. அதன்பிறகு இந்த விஷயத்தில் அவர் தலையிடவில்லை.

அம்மா அந்த சீசனில் முதல்தடவையாக அரைநாள் லீவு சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் வந்தாள். டீச்சருடைய அறையைக் காட்டுவதற்கு என்னை வகுப்பிலிருந்து கூப்பிட்டுக்கொண்டாள். அவளுக்கு இருந்த நல்ல சேலையைக் கட்டியிருந்தாள். துவைத்துத் துவைத்துச் சுருங்கிப்போன விரல்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நின்றாள். டீச்சர் நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. காமாலை சொன்னது தப்புதான், மன்னித்துவிடுங்கள் என்றாள். பிள்ளைக்கு ஒரு வருஷம் போய்விடும் என்றாள்.

டீச்சர் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“நான் அங்க வராம இருந்திருந்தா கையெழுத்துப் போட்டிருப்பேம்மா. கண்ணால பாத்துட்டேன். பாத்துட்டு எப்படிக் காமாலைன்னு எழுதுவேன்?”

“அப்ப பாத்ததையே எழுதுங்க டீச்சர். தண்ணி தூக்குனான்னு எழுதுங்க. அது பொய்யில்லையே.”

“உடம்பு சரியில்லைன்னா எழுத எடம் இருக்கு. தண்ணிக்கு எடம் இல்லையே,” என்றார் டீச்சர்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு மறுபடியும் கழற்றித் துடைத்தார். அவர் கெட்டவர் இல்லை. கொஞ்சம் சோம்பேறியாக, பிள்ளைகளைப் பற்றிக் கவலையில்லாதவராக இருந்திருந்தால், அந்த வெயிலில் மேட்டுக்கு நடந்திருக்கமாட்டார்; அக்காவும் பரீட்சை எழுதியிருப்பாள். எங்களுக்கு வாய்த்தது நல்ல டீச்சர். அடுத்த வருஷம் ஒழுங்காக வரச் சொல்லுங்கள், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் அம்மாவிடம் சொன்னார். அடுத்த வருஷம் குழாய் எப்போது வரும் என்பதைப் பற்றி அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

திரும்பும்போது அம்மாவோடு நானும் நடந்தேன். கேட் வரை வந்தவள், வகுப்புக்குப் போடா, லீவு விழுந்துரப் போகுது என்று என்னைத் திருப்பி அனுப்பினாள்.

அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை நின்றது. அந்த வாரம் வந்த கப்பலில் பெட்டி பெட்டியாக மினரல் வாட்டர் வந்திருந்தது. ஹோட்டல்களுக்கும் ரிசார்ட்டுகளுக்கும் போகிற சரக்கு. மூன்று நாளாக அதைத்தான் இறக்கிக்கொண்டிருந்தார். நான் ஊருக்கெல்லாம் தண்ணி தூக்குறேன் என்று மட்டும் சொன்னார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. தட்டில் மிச்சமிருந்ததைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, கை கழுவாமல் துணியில் துடைத்துக்கொண்டார்.

பரீட்சைக்குக் கொஞ்சநாள் முன்னால் பள்ளியில் பெற்றோர்களைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் நடத்தினார்கள். மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். உயர்நிலை வகுப்புப் பிள்ளைகள் ஏன் பள்ளிக்கு வருவதில்லை என்பதுதான் அன்றைய பேச்சு. அவர் இந்தியில் நன்றாகப் பேசினார். மொபைல் போன் ஒரு காரணம் என்றார். சினிமா, பீச்சில் ஊர்சுற்றுவது, கூடாத சேர்க்கை என்று வரிசையாகச் சொன்னார். எல்லாவற்றுக்கும் மேலாகப் பெற்றோர்களின் அக்கறையின்மை என்று சொல்லி, பெற்றோர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் விரலை நீட்டினார். எங்கள் வீட்டில் இருந்த ஒரே போன் அப்பாவின் சட்டைப்பையில் இருந்தது. கான்ட்ராக்டர் கூப்பிடுவதற்காக வாங்கியது. அப்பா அந்தப் பையின் மேல் கையை வைத்துக்கொண்டு, அதிகாரி சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். எல்லாரும் ஆட்டினார்கள். அதிகாரியின் மேசையில், மூடி திறக்காத தண்ணீர் பாட்டில்கள் வைத்திருந்தார்கள்.

பேச்சு முடிந்ததும், வருஷம் முழுவதும் லீவே போடாத பிள்ளைகளுக்குப் பரிசு கொடுத்தார்கள். என் பெயரையும் கூப்பிட்டார்கள். ஒரு ஸ்டீல் டிபன் பாக்ஸ். அதிகாரி என் முதுகைத் தட்டி, எல்லாரும் இந்தப் பையனைப்போல் இருக்க வேண்டும் என்றார். கடைசி வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்த அக்கா எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டினாள். மறுநாள் காலை அதில் எனக்குச் சோறு கட்டிக் கொடுத்தவளும் அவள்தான். புதுப் பாத்திரம், மூடி இறுக்கம், தெறித்துத் திறக்கும், பார்த்துத் திற என்று சொல்லிக் கொடுத்தாள்.

அக்கா அதற்கடுத்த வருஷமும் பரீட்சை எழுதவில்லை. மறுபடியும் பத்தாம் வகுப்பில் சேர்த்துத்தான் விட்டார்கள். தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, அதே பாடத்தைக் கேட்டு, அதே குழாய்க்காக லீவு போட்டாள். பாதியில் அவளாகவே நின்றுவிட்டாள். அந்த டீச்சரும் மாற்றலாகிப் போய்விட்டிருந்தார். பிறகு மாமா ஒரு வரன் கொண்டுவந்தார். வண்டூர் பக்கம், படகு வைத்திருக்கிற குடும்பம். மாப்பிள்ளை வீடு பார்க்கப் போய் வந்த அப்பா, திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே முதலில் சொன்னது, வீட்டிலேயே கிணறு இருக்கிறது என்பதைத்தான். மாப்பிள்ளை எப்படி என்று அம்மா அதற்குப் பிறகு கேட்டாள். நான் மேலே படித்து இப்போது ஓர் ஆபீசில் உட்கார்ந்திருக்கிறேன். காரணம் எழுத இடம் விட்ட தாள்கள் என் மேசைக்கும் வருகின்றன.

ஆனால் நான் சொல்ல வந்தது பரீட்சை நடந்த நாட்களில் ஒன்றைப் பற்றி. கணக்குப் பரீட்சை நாள். எங்கள் பள்ளியில் சென்டர் போட்டிருந்ததால் சின்ன வகுப்புகளுக்குச் சுட்டி. லீவை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். எங்கள் தீவில் சூரியன் சீக்கிரம் வந்துவிடும். அன்றைக்குத் தண்ணீர் அதற்கும் முன்னால் வந்துவிட்டது. அந்த வருஷத்தில் அப்படிக் கண்டதில்லை. குழாய் முழுக்கத் தண்ணீர், நுரைத்துக்கொண்டு விழுந்தது. அம்மா வேலைக்குக் கிளம்பும் முன்பே அவளும் அக்காவும் ட்ரம், குடம், வாளி, அண்டா எல்லாவற்றையும் நிரப்பிவிட்டார்கள். வெயில் நன்றாக ஏறுவதற்குள் வீட்டில் செய்ய ஒரு வேலை பாக்கியில்லை. அக்கா குளித்துத் தலைவாரி வாசலில் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடம் இன்னும் திறந்துகூட இருக்காது. எனக்குத் தோன்றியதைக் கேட்டேன். தண்ணிதான் வந்துருச்சே, நீ போகலாமே என்றேன். அக்கா என் தலைமுடியைக் கலைத்துவிட்டாள்.

அப்போது பக்கத்து வீட்டு வாசலில் பெங்காலி ஆன்ட்டியின் மகள் யூனிபார்மில் பரீட்சை அட்டையோடு நின்றாள். ஆன்ட்டி ஒரு கிண்ணத்தில் தயிர் கொண்டுவந்து மகளின் நெற்றியில் தொட்டு வைத்தார். நல்ல காரியத்துக்குப் போகும்போது அவர்கள் வீட்டு வழக்கம் அது. மகள் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் படிகளில் இறங்கினாள். எங்கள் வாசலைக் கடக்கும்போது அக்காவைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டாள். அக்காதான் கூப்பிட்டு, அளவுகோல் எடுத்துக்கொண்டாயா என்று கேட்டாள்.

மகள் போனபிறகும் ஆன்ட்டி கிண்ணத்தோடு நின்றார். பிறகு எங்கள் வாசலுக்கு வந்தார். குனிந்து, மிச்சத் தயிரை அக்காவின் நெற்றியிலும் வைத்தார்.

“அக்லே சால், பேட்டி,” என்றார். அடுத்த வருஷம், மகளே. மனசாரத்தான் சொன்னார்.

அக்காவும் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அவர் தன் வாசலுக்குத் திரும்பியதும் எழுந்தாள். நீல ட்ரம்மின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தாள். நிறைந்த ட்ரம், லேசில் அசையாது. தோளைக் கொடுத்துத் தள்ளினாள். இரண்டாவது தள்ளலில் அது சாய்ந்து, உருண்டு, வாய் வழியே அத்தனை தண்ணீரும் வாசலில் கொட்டியது. படிகளில் சத்தத்தோடு இறங்கியது. ஒவ்வொரு படியாக, கீழே வளைவுவரை. அக்கா அடுத்து அண்டாவைக் கவிழ்த்தாள். குடங்களையும் ஒவ்வொன்றாக. அவசரமே இல்லை. முகத்தில் கோபமும் இல்லை. நெற்றியிலிருந்து தயிர் வழிந்து மூக்கோரம் வந்திருந்தது. அதைத் துடைக்கவும் இல்லை.

வேலைக்குக் கிளம்பிய அம்மா பையோடு கதவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு செம்புத் தண்ணீரைச் சிந்தினாலே முதுகில் விழும் வீடு எங்களுடையது. நான் ஓடிப்போய் ட்ரம்மை நிமிர்த்தப் பார்த்தேன், அடியில் கொஞ்சமாவது மிஞ்சட்டும் என்று. அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள்.

“விடுடா. கெடக்கட்டும்.”

ஆன்ட்டி தன் வாசலில் கிண்ணத்தோடு அசையாமல் நின்றிருந்தார். ஓ, அதனால்தான் என்று எனக்குப் பட்டது. அடுத்த வீட்டுக்காரர் பார்க்கும்போது அம்மா எங்களை அடிக்கமாட்டாள். ஆன்ட்டி உள்ளே போகட்டும் என்று காத்திருக்கிறாள். அக்காவுக்கு இருக்கிறது என்று நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

ஆன்ட்டி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அம்மா பையைக் கீழே வைத்தாள். ஈரத்தில் நடந்து போய், சேலை நனைகிறதே என்றுகூடப் பார்க்காமல், அக்காவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அன்றைக்கு அவள் வேலைக்கும் போகவில்லை. அடி எப்போது விழும் என்று நான் சாயங்காலம்வரை பார்த்துக்கொண்டேயிருந்தேன்.